அறிவுக்கு ஒரு ஸ்வெட்டர்

வடக்குப்பட்டு,
14.7.2024

அன்புத் தங்கை அறிவுக்கு,

நான், உன் மாமா, அப்பா மூவரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை. மாத்திரை போட மறந்துவிட்டு மாத்திரையைத் திட்டுகிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலை முகாமுக்கு ஏறியதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று போனில் சொன்னாய். அதற்குள் உன் பின்னால் நின்றவள் இரும ஆரம்பித்துவிட்டாள். முகாமுக்கே ஒரு போன், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் அக்காவும் தங்கையும் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கேட்ட ஸ்வெட்டரை ஆரம்பித்துவிட்டேன். மெரூன் கலர் உல்லன் நூல். வாலாஜாபாத் கடையில் இருந்ததை எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். முதுகுப் பக்கம் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. அப்பா பார்த்துவிட்டு, "இந்த வெயில்ல ஸ்வெட்டரா? ஆட்டுக்குப் போடப் போறியா?" என்றார்.

எங்கள் பின்னல் குழுவைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. போனில் ஓயாமல் சொல்வேனே, ஒரகடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஜாஸ்மின் அக்கா, அவர்தான் ஆரம்பித்தது. கோத்தகிரியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சர்ச்சை ஒட்டிய ஹாலில் கூடுவோம். பாதிப் பேர் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். வாரம் முழுக்க லைனில் நின்று ஒயர் முனையை உற்று உற்றுப் பார்த்த கண்ணுக்கு, அந்த ரெண்டு மணி நேரம் நூலைப் பார்ப்பது எவ்வளவு இதமாக இருக்கிறது தெரியுமா? ஜாஸ்மின் அக்காவுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலி. வந்த நாளிலிருந்து அதுதான் என் இடம்.

இந்த வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். கலைமதி என்று பெயர். காஞ்சிபுரம் பக்கம், தண்டலத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இங்கே ஒரு கம்பெனியில் வேலை. தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புதுசுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

காதை மூடிக்கொள். வெந்நீர் குடி.

உன் அக்கா,
பிரவீனா


மலை முகாம், உத்தராகண்ட்,
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. உதடு மட்டும் வெடித்திருக்கிறது. அப்பாவை மாத்திரை போடச் சொல். மாமாவுக்கு இன்னும் நைட் ஷிஃப்ட்தானா?

இந்த எல்லைப் படை முகாமில் பெண் காவலர்கள் பதினோரு பேர். தமிழ் பேச ஒருத்தியும் இல்லை. உன் கடிதத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துக் கட்டில் பெண் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கையைக் கூப்பினாள்.

உன் ஞாயிற்றுக்கிழமை ஹாலை மனதுக்குள் ஒரு படமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் உன் முகம் தெரிய மாட்டேன் என்கிறது. நீ குனிந்தே இருக்கிறாய். மெரூன் எனக்குப் பிடிக்கும். எந்தக் கலரானாலும் பிடிக்கும். தினமும் ஒரு வரிசையாவது பின்னு அக்கா. உன் மடியில் அது கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்குக் குளிர் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது.

அன்பு மறவாத
அறிவுமதி


வடக்குப்பட்டு,
25.8.2024

அன்பு அறிவுக்கு,

உதட்டுக்கு நெய் தடவு. அங்கே நெய் கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா மாத்திரை போடுகிறார், நான் பார்த்துக்கொண்டிருந்தால்.

வேலை அதிகம். கம்பெனியில் இல்லை, பையில். இப்போது என் பையில் ஐந்து பின்னல் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் குல்லா. காப்பகத்துக்குப் போர்வை, அதில் ஆளுக்குச் சில சதுரங்கள். சூப்பர்வைசர் மனைவிக்கு ஒரு மப்ளர். ஜாஸ்மின் அக்காவின் கிறிஸ்துமஸ் பொம்மைகளுக்குச் சட்டை. அப்புறம் உன்னுடையது. "யார் செய்றீங்க?" என்று ஜாஸ்மின் அக்கா கேட்டால் என் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் கலைமதி தூக்கிவிடுவாள்.

அவளைப் பற்றிச் சொல்கிறேன், கேள். அவள் ஊசியைப் பார்ப்பதே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பின்னுகிறாள். நான் ஒரு கண்ணி விடாமல் முறைத்துப் பார்த்தும் என் பின்னல் இறுகிப்போய் ஊசி நகர மாட்டேன் என்கிறது. அவளுடையது அச்சு மாதிரி விழுகிறது. ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் எடுப்பாள். அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஜாஸ்மின் அக்கா அவள் குல்லாவைத் தூக்கிக் காட்டி, "பாருங்கடி, பிரவீனா நீயும் பாரு" என்றார். என் பெயரை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்?

பொறாமை என்று நினைத்துவிடாதே. அவள் நல்ல பெண்தான். வரும்போது எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவருகிறாள். என் நாற்காலியில் இன்னும் அவள்தான் உட்காருகிறாள். போன வாரம் எழுந்து, "நீங்க குந்துங்கக்கா" என்றாள். "வேணாம், எனக்கு காத்து ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு வியர்க்க வியர்க்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

உன்னைப் பற்றிக்கூட விசாரித்தாள். "உங்க தங்கச்சிக்கு மார் சுத்தளவு இன்னாக்கா? கை எவ்ளோ நீளம்?" என்றாள். சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை.

உன் மாமா நேற்று என் பையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "நீ பின்றியா, போட்டி போடறியா?" என்று கேட்டார். அவருக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

உன் ஸ்வெட்டர் வளர்கிறது. கவலைப்படாதே.

உன் நினைவாகவே
பிரவீனா


மலை முகாம்,
15.9.2024

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் மூவர் நலத்தையும் எழுது. ரோந்து அதிகமாகிவிட்டதால் நீளமாக எழுத முடியவில்லை. காலையில் வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனித்தகடு. குவளையால் தட்டி உடைத்துவிட்டுத்தான் மொள்ள வேண்டும்.

கலைமதியைப் பற்றி எழுதியிருந்தாய், படித்தேன். ஜாஸ்மின் அக்காவைப் பற்றியும் படித்தேன். என் ஸ்வெட்டர் எதுவரை வந்தது என்று தேடினேன், "வளர்கிறது" என்று மட்டும் இருந்தது. முதுகு முடிந்ததா?

அறிவு


வடக்குப்பட்டு,
20.10.2024

அன்பு அறிவுக்கு,

தீபாவளிக்கு நீ இல்லாத வீடு இது. உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவும் மாமாவும் நலம்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கைமுறுக்கு, அதிரசம், பூண்டு ஊறுகாய், உதட்டுக்கு நெய், ஜாஸ்மின் அக்கா பின்னிய குல்லா. அதற்குள் அவர் தன் முகவரியோடு ஒரு வாழ்த்துச் சீட்டு வைத்திருக்கிறார். ஸ்வெட்டரும் இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு எழுது.

குழுவைப் பற்றி இந்தத் தடவை எழுத ஒன்றும் இல்லை. கலைமதியைப் பற்றியும் ஒன்றும் இல்லை. மழை ஆரம்பித்துவிட்டது. கம்பெனி பஸ் தண்ணீரில் நின்றுவிட்டதால் நேற்று பாதி தூரம் நடந்து வந்தோம்.

பத்திரம்.

பிரவீனா


மலை முகாம்,
17.11.2024

என் தங்கமான அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலத்துக்கும் மேலே இருக்கிறேன்! பார்சல் வந்துவிட்டது. முறுக்கு பாதி நொறுங்கியிருந்தது. நொறுங்கியதையும் விடவில்லை.

ஸ்வெட்டரை என்னவென்று சொல்வது அக்கா? டியூட்டி நேரம் தவிர கழற்றுவதே இல்லை. அளவு அப்படியே என் உடம்புக்கு. மணிக்கட்டில் கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டை விட்டிருக்கிறாய் பார், அது யாருக்குத் தோன்றும்? கழுத்தை மேலே மடித்தால் காது வரை வருகிறது. நடுவில் அந்த முறுக்குப் பின்னல், கயிறு திரித்த மாதிரி. பக்கத்துக் கட்டில் பெண் தடவித் தடவிப் பார்க்கிறாள். எங்கள் மேடம்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டில் செய்ததா?" என்று ரெண்டு தடவை கேட்டார். உனக்கு இவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. பின்னல் இறுகிப்போகிறது என்று எழுதினாயே, பொய்தானே?

மெரூன் என்று சொல்லியிருந்தாய், சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. நூல் போதவில்லையா? இதுவும் நல்லதுதான்.

ஜாஸ்மின் அக்காவின் முகவரிக்கு, குழுவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். என் அக்காவின் கைவேலையை மலை உச்சியில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். அவர்களுக்கும் தெரியட்டும்.

பெருமையோடு,
அறிவு


மலை முகாம்,
22.12.2024

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன் முறை வந்தபோது ரெண்டு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் மாமா எடுத்து, "அக்கா குளிக்கிறா" என்றார். அங்கே அவ்வளவு வெயிலா?

உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

அறிவு


வடக்குப்பட்டு,
5.1.2025

அறிவுக்கு,

எல்லோரும் சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஓவர்டைம் அதிகம், ஞாயிறும் போகிறேன். பின்னல் குழுவுக்குப் போவதில்லை. நேரம் இல்லை. அந்த ஸ்வெட்டரைப் பற்றி இனி யாருக்கும் எழுத வேண்டாம்.

பொங்கல் வாழ்த்துகள்.

பிரவீனா


ஒரகடம்,
12.1.2025

மதிப்பிற்குரிய அறிவுமதி அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. பிரவீனா அக்காவின் பின்னல் குழுவில் இருக்கும் கலைமதி நான். உங்கள் முகவரியை ஜாஸ்மின் அக்காவிடம் வாங்கினேன். இதை எழுதுவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தச் சாம்பல் ஸ்வெட்டர் நான் பின்னியது. பனியில் நிற்கிற ஒரு பெண் என்று அக்கா சொல்லக் கேட்டு ஆசையாகச் செய்தேன். அக்காவின் பார்சலோடு சேர்த்து அனுப்பச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். உங்கள் பெயரும் என் பெயரும் எழுதி ஒரு சீட்டைக் கழுத்தில் குத்தியிருந்தேன். அது உங்களுக்கு வரவில்லை போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தை ஜாஸ்மின் அக்கா எல்லோர் முன்னாலும் வாசித்தார். கட்டைவிரல் ஓட்டை, முறுக்குப் பின்னல் என்று வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பிரவீனா அக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்து கண்ணி எண்ணுவதுபோல் இருந்துவிட்டேன். பிறகு நிமிர்ந்து, "சூப்பர்க்கா" என்று சொல்லி நானும் கை தட்டினேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டால் கடைக்குள் போய்விடுகிறார்.

ஸ்வெட்டர் யார் பெயரில் இருந்தாலும் போகட்டும். அவரை நீங்கள்தான் திரும்ப வரவைக்க முடியும். நான் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள் நலம் நாடும்
கலைமதி


மலை முகாம்,
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பனி இடுப்பு வரை கிடக்கிறது. அதை வெட்டி வழி செய்வதுதான் காலை வேலை. மற்றபடி நலம். அப்பாவின் முட்டி எப்படி? மாமாவை இனிமேல் பொய் சொல்ல வைக்காதே. அவருக்கு வரவில்லை.

உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். படைக்கு வருகிறவர்களுக்கு ஸ்வெட்டர், கோட்டு, கையுறை, உறைக்குள் போடும் உறை எல்லாம் அரசாங்கமே கொடுத்துவிடும் அக்கா. என் பெட்டியில் மூன்று ஸ்வெட்டர் கிடக்கிறது. வெளிக்கலர் எதையும் டியூட்டியில் போடக்கூடாது. நான் உன்னிடம் ஸ்வெட்டர் கேட்டது குளிருக்காக இல்லை.

நான் கிளம்பின பிறகு நீ அழுதுகொண்டிருப்பாய் என்று நினைத்தேன். போன் பண்ணினால் எப்போதும் ஜாஸ்மின் அக்கா, ஜாஸ்மின் அக்கா. அவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் இங்கே தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். நீ அங்கே பத்துப் பேரோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிப்பாய். அந்த ஜாஸ்மின் அக்காவை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒரு மனுஷியை நினைத்து வயிறு எரிந்தது. அந்த ஹாலில் என்னுடையது ஒன்று உன் மடியில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். நீ மற்ற வேலையை எடுக்கும்போதெல்லாம் அது உன் கையை இடிக்க வேண்டும் என்று.

அந்த மெரூன் எவ்வளவு முடிந்திருக்கிறதோ அப்படியே எனக்கு வேண்டும். ஊசியோடு இருந்தாலும் சரி. அதை முடித்து அனுப்பு, அல்லது முடிக்காமல் அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்காதே. ஹாலுக்குப் போ. போகச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உன்
அறிவு


வடக்குப்பட்டு,
2.3.2025

என் அறிவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டியில் டாக்டர் ஊசி போட்டார். இப்போது தெருக்கோடி வரை நடந்து போய் எல்லோரிடமும் ஊசியைப் பற்றிச் சொல்கிறார். உனக்குப் பனி குறைந்ததா?

உன் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தவள் அதைப் பற்றி எழுதாமல் இருந்தால் எனக்குத் தெரியாதா? யார் சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை.

அன்றைக்கு உன் கடிதத்தை வாசித்தபோது அவள் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவள் கை தட்டினாள் அறிவு. பின்னலில்தான் என்னை மிஞ்சினாள் என்றால், பெரிய மனசிலும் மிஞ்ச வேண்டுமா? எனக்கு அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் மெரூனை எடுத்தால் கையே ஓடவில்லை.

போன ஞாயிறு ஹாலுக்குப் போனேன். சின்னப்பொண்ணுதான் முதலில் பார்த்தாள். உனக்கு அவளைத் தெரியாது, எங்கள் கேன்டீனில் இருப்பவள். "இன்னாக்கா, வழி தெரிஞ்சுதா? உன் போர்வை சதுரம்லாம் அப்படியே கீது, குந்து குந்து" என்றாள். நான் குந்தவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"கலை, அந்த சாம்பல் ஸ்வெட்டர் உன்னுது. என்னுதுன்னு அறிவு நெனச்சிகினா, நான் நெனக்க வுட்டேன். நீ குத்தி அனுப்பின சீட்டை நான்தான் கழட்டினேன்."

ஜாஸ்மின் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கலைமதி இப்போது சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என் கையைப் பிடித்து, பரவாயில்லைக்கா என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பயந்துதான் நான் இத்தனை நாள் போகாமல் இருந்தது.

அவள் ஊசியைக் கீழே போட்டாள். "நான் இன்னாக்கா பண்ணேன் உங்களுக்கு?" என்றாள். "வந்த நாள்லேர்ந்து ஒரு தபா என் மூஞ்சியப் பாத்து பேசினீங்களா? சேர்ல உக்காந்தா தப்பு, எழுந்தாலும் தப்பு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உங்க பேர்லயே அனுப்பிக்கோங்கன்னு குடுத்திருப்பேன்."

மூக்கெல்லாம் சிவந்துவிட்டது.

"இல்ல, குடுத்திருக்க மாட்டேன். எதுக்குக் குடுக்கணும்? ராவெல்லாம் கண்ணு முழிச்சு நான் போட்டது. அன்னிக்குக் கை தட்டிட்டு வூட்டுக்குப் போய் எவ்ளோ அழுதேன் தெரியுமா? எங்க வூட்டுக்காரர் இன்னா ஏதுன்னு கேட்டா சொல்லக்கூட முடியல. போங்கக்கா!"

கத்தினாள் அறிவு. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தலை கலைந்து, சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். எல்லோரும் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்தது.

அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. இன்றைக்கும் போயிருந்தேன். சுண்டல் எல்லோருக்கும் கொடுத்தாள், எனக்கு மட்டும் தரவில்லை. டப்பாவை மூடும்போது ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்த வாரமும் போவேன்.

மெரூனை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். பையில் மிச்சமிருந்த மற்ற வேலையை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை மட்டும் முடித்தேன். கட்டைவிரல் ஓட்டை கிடையாது. பின்னல் இறுகித்தான் இருக்கிறது, தலையை நுழைக்கும்போது காதைப் பார்த்துக்கொள். இடது கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

இன்னொன்று. கலைமதிக்கு நீ நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும். நல்லபடியாக எழுது, ஸ்வெட்டரைப் புகழ்ந்தே எழுது, அது புகழ வேண்டிய பொருள்தான். ஆனால் எனக்கு எழுதுவதைவிடச் சின்னக் கடிதமாக எழுது.

உன் அக்கா,
பிரவீனா